இடது பக்கம் நான்கு விரல்

போல்ட் அசையவில்லை.
நேற்றும் அசையவில்லை.
முந்தாநாள் டீசல் ஊற்றி
"காலைல தானா கழலும் பாருங்கக்கா" என்று
ஷட்டரை இழுத்துப் பூட்டிய இம்தியாஸ்
இன்று என் முகத்தைப் பார்க்காமல்
ஸ்பேனரைத் திட்டுகிறார்.

கிருஷ்ணகிரி, ராயக்கோட்டை சாலை.
எதிர்ப் பட்டறையில் கிரானைட் அறுக்கிறார்கள்.
அந்த வெள்ளைத் தூசு வந்து
எங்கள் கிரீஸ் மேல் உட்கார்ந்துகொள்கிறது.
நான் கோணி விரித்து
ஜீப்புக்கு அடியில் மல்லாந்து
விளக்குப் பிடிக்கிறேன்.
பதினோரு வருஷம் ஓட்டியும்
இந்தப் பக்கத்திலிருந்து இதைப் பார்த்ததில்லை.

அடிவயிறு இப்படியா இருக்கும்?
புற்றுப் புற்றாய், செதில் செதிலாய்,
தொட்டால் பொரி மாதிரி உதிரும் இரும்பு.
கண்ணில் விழுந்தது.
துடைக்கக் கை காலியாக இல்லை.

"உப்புக்கா" என்கிறார் இம்தியாஸ்.
"நீங்க புளிதானே ஏத்துவீங்க?"

ஆமாம்.
அஞ்செட்டிக்கு மேலே உலுக்கி, ஓடு நீக்கி, கொட்டை தட்டி
கல்லுப்புப் போட்டு மிதித்த புளி.
மழை நாளில் மூட்டை கசியும்.
கசிந்தது பலகை இடுக்கில் இறங்கும்.
வீட்டில் செம்புக் குடத்தைப் பளபளக்க வைத்த கை
இங்கே உப்போடு கூட்டுச் சேர்ந்து
என் சேசிஸைத் தின்றிருக்கிறது,
ஒரு ஏப்பம்கூட விடாமல்.

பாகம் பிரித்த அன்று
தம்பி ருத்ரப்பாவுக்கு ஏரியோர நிலம்.
எனக்கு இந்த ஜீப்.
"கெம்பம்மாவுக்கு ஓடுற சொத்து" என்று
பஞ்சாயத்தே சிரித்தது.
நிலம் போன வருஷம் அடமானத்துக்குப் போனது.
ஜீப் போகவில்லை.
யாரும் எடுத்துக்கொள்ள மாட்டார்கள்.

மெயின் பட்டை முறிந்தது மூன்றாம் வளைவில்.
யானைக்குப் போட்ட வெடி என்று நினைத்து
காவல்காரர் டார்ச்சோடு ஓடி வந்தார்.
புளியங்கிளை ஒன்றைச் சீவி இடுக்கிக் கட்டி
ராயக்கோட்டை வரைக்கும்
இரண்டாம் கியர்.
பின்னால் வந்த லாரிகள் எல்லாம்
என் அப்பாவையும் அம்மாவையும் விசாரித்துவிட்டுப் போயின.

சரி, நெருப்பு வைக்கலாம் என்றார் இம்தியாஸ்.
கேஸ் சீறியது.
ரப்பர் புஷ் எரிந்து நாறியது.
போல்ட் மெல்ல மெல்ல
சந்தையில் முதல் தரம் என்று ஒதுக்குகிற
தக்காளி நிறத்துக்கு வந்தது.
முனிரத்தினம் சம்மட்டியை ஓங்கினான்.
"ஏக்" என்றார் இம்தியாஸ்.
"ரெண்டு" என்றான் அவன்; தெலுங்கா தமிழா தெரியவில்லை.
"மூரு" என்றேன், என்னையும் கேட்காமல்.

எத்தனையாவது அடியில் என்று சொல்ல முடியாது.
முதலில் சத்தம் மாறியது.
கல்லில் அடிப்பது போல் இருந்தது
மரத்தில் அடிப்பது போல் ஆனது.
பிறகு ஒரு கீச்.
பிறகு தரையில் உருண்டு
புகைந்துகொண்டு கிடந்தது.

ஆறிய பிறகு எடுத்துப் பார்த்தேன்.
நடுவில் தேய்ந்து, பென்சில் அளவுக்கு.
இவ்வளவு மெல்லிசிலா
பதினான்கு பேரும் பத்து மூட்டையும்
ஒரு ஆட்டுக்குட்டியும்
கொண்டையூசி வளைவுகளில் தொங்கினோம்?
முனிரத்தினம் அதை வாங்கி
பழைய இரும்பு டப்பாவில் வீசினான்.
கிலோ இவ்வளவு என்று அதற்கும் விலை உண்டு.

எலத்தகிரி சூசை கடைந்து கொடுத்த புஷ்
மோதிரம் போல ஏறியது.
புதுப் பட்டைக் கட்டு, புது யு போல்ட்.
ஜாக்கியை இறக்கினார்கள்.
வண்டி ஒரு மூச்சு விட்டு நின்றது,
கோணலாக.

இடது பக்கம் நான்கு விரல் உயரம்.
அளந்து பார்த்த இம்தியாஸ்
"ரெண்டு பக்கமும் மாத்தணும்னு
அன்னிக்கே சொன்னேன்" என்றார்.
சொன்னார்தான்.
என் பையில் இருந்தது ஒரு பக்கத்துக்கு.
மாசியில் புளி இறங்கும் வரை
மூட்டைகளை இடது பக்கம் அடுக்கிக்கொள்கிறேன்.
நாட்றாம்பாளையம் வாத்தியார்
தொண்ணூறு கிலோ இருப்பார்,
அவரையும் அங்கேயே உட்காரவைக்கலாம்.

சாவியைத் திருப்பும் முன் இறங்கி
டீசல் கேனை எடுத்துப் போய்
வலது பக்கத்து போல்ட்டில்
நிறைய ஊற்றினேன்.

இப்போதிருந்தே ஊறட்டும்.