பதினோரு நாள் மீதி

பீரோ மேல் கிடந்த கிட்டாருக்குக் கழுத்து கோணிவிட்டது.
ஆஸ்பெஸ்டாஸ் கூரைக்கும் அதற்கும் இரண்டடி,
சித்திரை முழுக்க, வைகாசியில் பாதி.
பன்னிரண்டாவது ஃப்ரெட்டில் கம்பிக்கு அடியில்
ஐந்து ரூபாய் நாணயத்தை நுழைத்துப் பார்த்தேன்.
நுழைந்தது.
அதன்மேல் இன்னொன்றும் நுழைந்தது.

டவுன் ஹால் ரோட்டில் வாங்கியது.
செபாஸ்தியான் ஒரு கண்ணை மூடிக்கொண்டு
துப்பாக்கியைக் குறிபார்ப்பதுபோல் பார்த்தார்.
கழுத்துக்குள் ஓடும் இரும்புக் கம்பியைச் சாவி போட்டுத் திருகினார்.
அது எதையும் பிடிக்காமல் சும்மா சுற்றியது.
"வெயில்ல வச்சீங்களாண்ணே?"

இந்தக் கேள்வியை எனக்குத் தெரியும்.
மேல வெளி வீதியில் இன்வெர்ட்டர் பேட்டரிக் கடை,
கவுன்ட்டருக்கு அந்தப் பக்கம் நின்று
நாளைக்கு ஆறு பேரிடம் நான் கேட்பது.
தண்ணி ஊத்துனீங்களா?
என்ன தண்ணி?
பைப் தண்ணியா?
ஆமாம் என்றால் வாரண்டி செல்லாது.
இல்லை என்பவர்களின் முகத்தைப் பார்த்துக்கொண்டே
மூடியைத் திறந்து உள்ளே டார்ச் அடிப்பேன்.

"நிழல்லதான் இருந்துச்சு" என்றேன்.
நிழல்தான். கூரையின் நிழல்.

இரண்டு வருட வாரண்டியில் பதினோரு நாள் மீதி.
ஒன்பது போட்டோ கேட்டார்கள்,
ஸ்கேல் வைத்து, ஸ்கேல் வைக்காமல், சீரியல் நம்பர் தெரிய.
நம்பர் தெரியவில்லை என்று மறுபடி ஒன்பது.
'குறையை விவரிக்கவும்' என்ற இடத்தில் ஒன்றரை வரிதான் இடம்.
எஃப் கார்டு பிடித்தால் விரலில் ஆறு கோடு விழுகிறது,
சத்தம் மூன்று கம்பியில்தான் வருகிறது என்று எழுதினேன்.
எழுதாமல் விட்டது:
பேட்டரி விற்பவன் வீட்டில் இன்வெர்ட்டர் கிடையாது.
கரண்ட் போனால் கிட்டார்.
ஆரப்பாளையத்தில் அது அடிக்கடி போகும்.

எல்லாம் சேர்த்து அனுப்பும்போது பதிமூன்றாவது நாள்.
செபாஸ்தியான் பாரத்தில் நான் முதலில் வந்த தேதியைப் போட்டார்.
நான் சுவரில் தொங்கிய வயலின்களை எண்ணினேன்.
ஏழு.

அதே வாரம்தான் பூமிநாதன் வந்தார்,
ஆனையூரில் ஜெராக்ஸ் கடை.
பேட்டரியை டிவிஎஸ்ஸில் கால்களுக்கு நடுவே வைத்துக்
கொண்டுவந்திருந்தார்.
"நாலு நாள்தானே தம்பி தாண்டியிருக்கு."
அட்டையை அவர் பக்கம் திருப்பித்
தேதிக்குக் கீழே நகத்தால் ஒரு கோடு போட்டேன்.
வண்டியில் ஏற்ற ஒரு கை பிடித்தேன்.
அதற்கு நன்றி சொன்னார்.

நாற்பத்தொரு நாள் கழித்துப் பெட்டி வந்தது.
கம்பியில்தான் கோளாறு, கம்பெனி ஒத்துக்கொண்டது.
புதுக் கழுத்து.
உடம்பைவிட ஒரு சாயம் வெளுப்பு,
அடுத்த வீட்டுப் பிள்ளையைக் கூப்பிட்டு
போட்டோவில் நிறுத்தியதுபோல.
இரண்டாவது ஃப்ரெட்டில் கம்பி அரித்த பள்ளம் இல்லை.
பின்னால் என் கட்டைவிரல் கருக்கிய இடமும் இல்லை.
"பழசு?"
"கம்பெனி வச்சுக்கும்ணே."
நாங்களும் அப்படித்தான் சொல்வோம்.

அன்றைக்கு ஒன்பது மணிக்குக் கரண்ட் போனது.
எஃப் பிடித்தேன்.
ஆறு கம்பியும் பேசின.
முன்பைவிட நன்றாகவே இருந்தது,
அதில் எனக்குக் கொஞ்சம் கோபம்.
அடுத்த சந்தில் யாருடைய இன்வெர்ட்டரோ
பீப் பீப் என்று சாகக் கிடந்தது.
நம்ம கடைதான், சத்தத்திலேயே தெரியும்.

கரண்ட் வந்தபிறகு பையின் ஜிப்பைத் திறந்தேன்.
கழுத்துக்கு மட்டும் புது அட்டை, ஆறு மாதம்.
முத்திரை இருக்கிறது, கையெழுத்து இருக்கிறது.
தேதி இல்லை.
"நீங்களே போட்டுக்கங்கண்ணே" என்று அவர் சொன்னது
அப்போது காதில் ஏறவில்லை.

பேனா சட்டைப் பையிலேயே இருந்தது,
கடைப் பேனா.
மூடியைக் கழற்றி வைத்துவிட்டு
பூமிநாதன் நம்பர் எந்த பில் புக்கில் இருக்கும் என்று யோசித்தேன்.
பழைய புக்கை எல்லாம்
மார்ச்சில் எடைக்குப் போட்டாயிற்று.