ஏழாம் பக்கம்

பதினோரு மாதம் குலை ஏற்றிய பாக்கி.
குளுவாங் கோர்ட்டில் வழக்குப் போட்டேன்.
ஆலையின் வக்கீல் ஒப்பந்தத்தைப் புரட்டி
ஒரே ஒரு பத்தியைத் தொட்டுக் காட்டினாள்:
தகராறென்றால் நடுவர் மன்றம்,
கோலாலம்பூரில்.

"கையெழுத்து உங்களுடையதுதானே, சன்னாசி?"
என்னுடையதுதான்.
மழை, எடைமேடை, உறுமிக்கொண்டிருந்த லோரி.
பேனாகூட கிராணி கொடுத்ததுதான்.

வழக்கு நிறுத்திவைப்பு.
தள்ளுபடி இல்லையே என்றார் என் வக்கீல்,
மீன் சாகவில்லை, கருவாடுதான் ஆனது என்பதுபோல.
நடுவருக்குக் கட்டும் முன்பணம்
வரவேண்டியதைவிட நாலாயிரம் வெள்ளி கூட.

இந்த வருஷ ஒப்பந்தம்
ஜன்னல்வழி நீண்டது.
எஞ்சினை அணைத்தேன்.
ஒவ்வொரு தாளாக, விரலில் எச்சில் தொட்டு.
ஏழாம் பக்கம் அங்கேயே இருந்தது,
எழுத்து இன்னும் கொஞ்சம் சிறுத்து.

பின்னால் ஐந்து லோரிகள்
ஹார்ன் அடிக்க ஆரம்பித்தன.