மூன்றாம் வளைவில் நீர்

பகலில் நான் வரைவது சாக்கடை.
நூற்றிருபதுக்கு ஒன்று சரிவு,
முப்பது மீட்டருக்கு ஒரு மேன்ஹோல்,
ஓரத்தில் தாம்ளே சாரின் சிவப்புப் பேனா.
இரவு பதினொன்றுக்குப் பிறகு
அதே விரல்களால்
பந்தயத் தடம்.

மரியபுஷ்பம் தூங்குகிறாள்.
லாமிங்டன் ரோட்டில் பழசாய் வாங்கிய கார்டு
மிக்ஸி மாதிரி சுற்றுகிறது.
வடாலா உப்பளங்களுக்கு மேலே
யாரும் அனுமதி தராத நிலத்தில்
நாலரைக் கிலோமீட்டர்.
கோடு முடிகிற இடத்துக்குத்
தொடங்கிய இடம் வந்து சேரவேண்டும்,
விதி அவ்வளவுதான்.
மூன்று மாதம் சேரவில்லை.
தலையைவிட வால் எப்போதும்
ஒன்றரை மீட்டர் உயரத்தில் நின்றது.

நேர்ச்சாலைக்கு ஹார்பர் லைனிடம் கொஞ்சம் கடன்.
ஐந்தாம் வளைவு ஆண்டாப்ஹில் இறக்கம்,
வெங்காய வண்டிக்காரர்
குதிகாலால் பிரேக் பிடிப்பாரே, அந்த இடம்.
அதைத் தாண்டிப் பார்வையாளர் மேடை.
மென்பொருள் தந்த ஆட்கள் எல்லோருக்கும்
ஒரே முகம், ஒரே தொப்பி, ஒரே கைதட்டல்.
அவர்களை நீக்கிவிட்டு
மொட்டைமாடித் தண்ணீர்த் தொட்டிகளை
வரிசையாய் வைத்தேன்.
கறுப்பாய், குண்டாய்.
நன்றாகவே பார்க்கின்றன.

எனக்குக் கார் ஓட்டத் தெரியாது.
யாரிடமும் இதைச் சொன்னதில்லை.
தண்ணீர் வளைவின் வெளிச்சுவரைத்தான் அரிக்கும் என்று தெரியும்.
காரும் அங்கே போய் விழத்தான் ஆசைப்படும்.
அரிப்பு எங்கே என்று தெரிந்தால்
சரளையை எங்கே கொட்டுவது என்பதும் தெரிந்துவிடும்.

மழைக்கு ஒரு பொத்தான் இருக்கிறது.
அழுத்தினால் தார் பளபளக்கும்
எண்ணெய் வைத்த தலை போல.
நீர் எங்கும் ஓடாது, எங்கும் தேங்காது.
என்ன மழை அது.
மூன்றாம் வளைவில் நான்கு புள்ளிகளை
ஒரு சாண் கீழே இறக்கினேன்.
மேலே கண்ணாடி போல் ஒரு பரப்பு,
உராய்வு பாதி.
ஜூலை வந்தது.

பெத்ரி, பின்லாந்தில் பால் லாரி ஓட்டுகிறவர்,
எண்பத்தேழு சுற்று ஓட்டிப் பார்த்துவிட்டு எழுதினார்:
எல்லாம் அருமை.
மூன்றாம் வளைவில் மட்டும் வடிகால் பிழை.
அங்கே நீர் நிற்கக் காரணமே இல்லை.

காரணம் இருக்கிறது, பெத்ரி.
அதை வரைந்ததே நான்தான்.
ஆறு வருடம் முன்பு, காகிதத்தில்,
நூற்றிருபதுக்கு ஒன்று என்பதில்
ஒரு சைபர் கூடுதலாய் விழுந்தது.
சிவப்புப் பேனாவும் பார்க்கவில்லை.
குழாய் படுத்துவிட்டது, மேலே சிமென்ட் போட்டாயிற்று.
அந்தச் சந்தில் வருஷா வருஷம்
முழங்கால் நீரில் ஸ்கூட்டர் தள்ளுகிறார்கள்,
மாநகராட்சியைத் திட்டுகிறார்கள்.
செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு
நானும் கூடச் சேர்ந்து திட்டுகிறேன்.

இதை எழுதவில்லை.
கோப்பைத் திறந்தேன்.
நான்கு புள்ளிகளும் மஞ்சளாய் மின்னின.
ஒரு இழுப்பு போதும், சமமாகிவிடும்.
சிமென்ட் உடைக்க வேண்டாம், டெண்டர் வேண்டாம்.
சுட்டியிலிருந்து கையை எடுத்துவிட்டு
ஆறிப்போன டீயைக் குடித்தேன்.

இரண்டு நாள் கழித்து மறுபடி பெத்ரி:
காலை முன்னாலேயே எடுத்துவிடுகிறேன்.
பழகிவிட்டது. இருக்கட்டும்.

சந்திலும் அதைத்தான் சொல்கிறார்கள்.

பதிப்பு ஒன்று புள்ளி மூன்று.
மாற்றங்கள்:
தண்ணீர்த் தொட்டிகளுக்கு
நிழல் சேர்க்கப்பட்டுள்ளது.