ஆணி அடிக்கக் கூடாத வீடு

பழையபேட்டையில் இந்த மாடிப் போர்ஷனுக்கு
அட்வான்ஸ் வாங்கும்போது கௌரம்மா சொன்னது ஒன்றுதான்:
வாடகை ஐந்தாம் தேதியைத் தாண்டினாலும் பரவாயில்லை,
சுவரில் ஆணி விழக் கூடாது.

தலையாட்டிவிட்டேன்.
காலண்டரை ஜன்னல் கம்பியில் கட்டினோம்.
எங்கள் கல்யாணப் படம் பீரோமேல் சாய்ந்து நின்றது.

பிறகு பெட்டி வந்தது.
உள்ளே இரண்டு டிஸ்க், எட்டு டெராபைட்,
முதுகில் ஒரே ஒரு துளை. கம்பி மட்டும் நுழையும்.
காற்றில் பேசத் தெரியாத பிறவி.
பர்கூர், ஊத்தங்கரை, காவேரிப்பட்டணம் என்று
நான் எடிட் செய்கிற கல்யாணங்கள் அத்தனையும்
இனி இதற்குள்தான் குடியிருக்க வேண்டும்.

மோடம் முன்னறையில்.
என் மேசையும் அங்கே, ஒழுங்காகச் சுற்றும் ஒரே ஃபேனும் அங்கே,
ஓசூரில் நைட் ஷிப்ட் முடித்து வந்து
அந்த ஃபேனுக்குக் கீழே நஞ்சுண்டனும்.
அரிசி களைகிற சத்தத்துக்கே புரண்டு படுப்பவர்.
பெட்டியோ வேலை வந்தால்
கறகறவென்று கொட்டைப்பாக்கு கடிக்கும்.

மிஞ்சியது சமையலறை லாஃப்ட்.
அங்கிருந்து மோடம் வரை
இரண்டு சுவர், ஒரு நிலைவாசல்.
எண்ணிப் பார்த்தேன், பன்னிரண்டு ஆணி.

தரையோடு இழுத்தேன், நீலக் கம்பி.
மூன்றாம் நாள் தூக்கக் கலக்கத்தில் அவர் கால் தடுக்கி
"என்னடி இது, பாம்பா?"
பிடுங்கிக்கொண்டு வந்தது.
பர்கூர் மாப்பிள்ளையின் கை
மூன்றாவது முடிச்சில் அப்படியே நின்றுவிட்டது.

ரவுண்டானா பக்கம் கடையில் ஷபீருல்லா
பில் போடாமலே சொன்னான்:
"பழைய மோடம் எதுனா கிடக்குதாக்கா?
காத்துல வாங்கிக் கம்பியில குடுக்கும். அவ்ளோதான்."

கிடந்தது. முன்பிருந்த குடித்தனக்காரர்கள்
லாஃப்ட் மூலையில் விட்டுப்போனது,
ஒரு கொம்பு ஒடிந்து.

அன்று இரவு தெரிந்தது, இருவருக்கும் ஒரே விலாசம்.
நூற்றுத் தொண்ணூற்றிரண்டு, நூற்று அறுபத்தெட்டு, ஒன்று, ஒன்று.
நான்தான் ஒன்று என்று இதுவும்
நான்தான் ஒன்று என்று அதுவும்.
ஒரே கதவு எண்ணில் கீழே கௌரம்மா, மேலே நாங்கள்,
கரண்ட் பில் மாதிரி குழம்பியது.

பழையதை இரண்டாக்கினேன்.
விலாசம் பங்கிடும் அதிகாரத்தைப் பறித்தேன்.
பாஸ்வேர்டில் ஒரு பெரிய எழுத்தைச் சிறியதாக அடித்து
நாற்பது நிமிடம் யார் யாரையோ திட்டினேன்.

பிறகு பச்சை விளக்கு.
துவரம்பருப்பு டின்னுக்குப் பக்கத்தில்
ஓரடிக் கம்பியைக் கவ்விக்கொண்டு பெட்டி.
கம்பி முடிகிற இடத்தில் காற்று தொடங்குவது
அதற்குத் தெரியாது. யாரும் சொல்லவில்லை.

வேகம் குறைவுதான்.
ஒரு ரிசப்ஷன் ஏறி முடிவதற்குள்
சோறு, ரசம், அப்பளம் வரை ஆகிவிடும்.

தொல்லை சனிக்கிழமை வந்தது, மெயின்டனன்ஸ்,
ஒன்பதிலிருந்து இரண்டு.
கரண்ட் வந்ததும் எல்லாம் ஒன்றாக விழித்தன.
பழையதுக்கு அவசரம். முதலில் எழுந்து,
தேடி, வீட்டில் யாருமில்லை என்று முடிவுகட்டி
வாயை மூடிக்கொண்டது.
புதியது நிதானமாக எழுந்து தன் பெயரைச் சொன்னபோது
கேட்க ஆளில்லை.

இப்போதெல்லாம் கரண்ட் போனால்
ஸ்விட்சுகளை அணைத்துவிட்டுக் காத்திருக்கிறேன்.
வந்ததும் முன்னறையை எழுப்புகிறேன். நூறு எண்ணுகிறேன்.
பிறகு ஒற்றைக் கொம்பு.
அது கண் திறந்த பிறகு பெட்டி.
நஞ்சுண்டனை எழுப்புவதில்லை.

நேற்று கௌரம்மா மாடியேறி வந்தாள்.
சமையலறைச் சுவரில் உள்ளங்கையை வைத்து
மெல்ல நகர்த்திக்கொண்டே போனாள்.
"ஒண்ணும் அடிக்கலையே?"
"இல்லீங்க."

அந்தக் கை வழியாக, அந்தச் சுவர் வழியாக
ஊத்தங்கரைக் கல்யாணம் ஒன்று
மேளம், புகை, அழுகிற தாய்மாமன் சகிதம்
போய்க்கொண்டிருந்தது.
பந்தி இன்னும் பாக்கி.