தண்ணிக் கழிவு

கண்டியில் உருளை மேல் ஏற்றிக்
கட்டினார்கள் காரை.
நாலு பட்டி, நாலு கொக்கி,
வலிப்புக்காரனைக் கட்டிலோடு கட்டுவதுபோல.
முன்னால் ஒரு மின்விசிறி;
அதுதான் எதிர்காற்று என்று கார் நம்ப வேண்டும்.

இந்துனில் நாலாம் கியரில் மிதித்தான்.
மேசைத் தேநீர் வளையம் வளையமாய் நடுங்கியது.
கார் ஓரங்குலம் நகரவில்லை.
திரையில் ஒரு கோடு மட்டும் மலையேறி
உச்சியில் மூச்சு வாங்கி விழுந்தது.
நூற்றெண்பத்தேழு குதிரைவலு.
தவசீலன் அந்தத் தாளை லேமினேட் செய்து
எங்கள் கல்யாணப் படத்துக்குப் பக்கத்தில் மாட்டினான்.

நான் கொழுந்து நிறுக்கிறவள்,
றம்பொடைக்கு மேலே, மூன்றாம் பிரிவு மடுவத்தில்.
தராசு இருபத்து மூன்று காட்டும்.
தண்ணிக்கு இரண்டு, சாக்குக்கு ஒன்று கழித்து
இருபது என்று எழுதுவேன்.
வெயில் நாளிலும் தண்ணிக் கழிவு உண்டு.
ஆகவே தாளின் அடியில் எறும்பெழுத்தில் இருந்ததை
நான்தான் முதலில் வாசித்தேன்:
திருத்தக் காரணி 1.06.

'கண்டியில் காற்று மெலிசு.
கடல்மட்டமாய் இருந்தால் எவ்வளவோ
அதைக் கணினி கூட்டித் தரும்' என்றான்.
மெலிந்த காற்றை உன் டர்போவே
அமுக்கி நிரப்புகிறதே,
பிறகு கணினியும் ஏன் நிரப்புகிறது?
ஒரே கடனுக்கு இரண்டு பேர் வட்டி கட்டுவதுபோல் இல்லையா?
அவன் டீ ஊற்றப் போய்விட்டான்.
மடுவத்தில் கழிக்கிறோம், அங்கே கூட்டுகிறார்கள்.
இரண்டு இடத்திலும்
முள் மட்டும் அப்பாவி.

அடுத்த மாதம் பேலியகொடையில் வேறொரு உருளை.
நூற்றறுபத்தொன்பது.
பதினெட்டுக் குதிரைகள்
கடுகண்ணாவை இறக்கத்தில் கயிறறுத்து ஓடினவா?
டயரில் காற்று குறைவு, பட்டி இறுக்கம், கொழும்பு வெக்கை:
ஒரு கிழமை முழுக்கக் காரணம் சொன்னான்.
எல்லாம் உண்மையாகவும் இருக்கலாம்.

ரோட்டில் பார்ப்போம் என்றேன்.
ஞாயிறு, விடிய ஐந்தே கால்.
இலக்கம் எழுதிய மதகிலிருந்து
பலகை உடைந்த வளைவு வரை,
பக்கத்து ஆசனத்தில் நான், கையில் நிறுத்து கடிகாரம்.
எஞ்சினில் கை வைக்குமுன்
இரண்டு நிமிடம் நாற்பத்தொன்று.
இப்போது இரண்டு முப்பத்தெட்டு.

மூன்று விநாடி.
நாலரை இலட்சம்.
கொண்டை ஊசி வளைவுகள் குதிரைகளைக் கேட்கவில்லை,
பிரேக்கைக் கேட்டன.
மூன்றாம் தடவை ஏறுகையில் எஞ்சின் கொதித்துத்
தானாகவே தன்னை அடக்கிக்கொண்டது.
நாலாம் தடவை மரக்கறி லொறி.

சிரிக்கத்தான் வாயெடுத்தேன்.
ஆனால் என் கட்டைவிரல்?
மதகைக் கண்டதும் அமுக்கினேனா, கடந்ததும் அமுக்கினேனா?
ஒரு வளைவில் கண்ணை மூடியிருந்தேன்.
போதாததற்கு அறுபத்தொரு கிலோ நானும் ஏறியிருந்தேன்;
என்னையும் கழிக்க வேண்டும்.

இந்துனில் ஒளிக்கவில்லை.
'அக்கா, என் எண்ணை அடுத்தவன் எண்ணோடு வைக்காதீங்க.
இதே உருளை, இதே டயர், இதே கியர்.
முதல் நாள் நூற்று நாற்பத்தொன்பது,
பிறகு நூற்றெண்பத்தேழு.
நடுவில் இருக்கிற முப்பத்தெட்டை நம்பலாம்.
மற்றது சுவரில் மாட்ட.'
எனக்கு விளங்கியது.
கோணல் தராசும் சொல்லும்
நேற்றைவிட இன்று யார் கூட எடுத்தாள் என்று.

போன சனி குருநாகலிலிருந்து இம்தியாஸ் வந்தான்.
பனிமூட்டம்; ஓட்டிப் பார்க்கவில்லை.
'எத்தனை குதிரை?'
தவசீலன் ஆணியிலிருந்து தாளைக் கழற்றினான்.
என் கொப்பி அலமாரியில் கிடந்தது.
தாளை ஒருமுறை பார்த்தான்,
காசை இரண்டு முறை எண்ணித் தந்தான்.

திங்கள் காலை நல்ல வெயில்.
தராசு இருபத்து நான்கு காட்டியது.
செபமாலை அக்கா முள்ளைப் பார்க்கவில்லை,
என் பேனையைப் பார்த்தாள்.
இருபத்தொன்று என்றுதான் எழுதினேன்.