கிரி என்றால் இடம்

கொம்தாரில் மூன்றாவது மாடி.
கண்ணாடிக்குப் பின்னால் உடம்பில்லாத நுரைத் தலைகள்,
தலைக்கொரு ஹெட்செட்.
சட்டையில் பூன் கியாட் என்று பெயர் குத்திய பையன்
ஒரே மூச்சில் மூன்று கேள்வி கேட்டான்:
எந்த கன்சோல், எத்தனை வெள்ளி, மூக்குக்கண்ணாடி எப்போதுமா.

புளூடூத் வேண்டாங்க என்றான்.
சுடுவான், நீங்க செத்துப்போவீங்க,
அப்புறந்தான் வெடிச் சத்தம் வரும்.
நகத்தளவு டாங்கிள் ஒன்றைக் காட்டினான்.
இதைச் செருகினால் சாகும்போதே கேட்குமாம்.
முன்னேற்றம்தான்.

தோலுறை பார்க்கத்தான் அழகு,
பினாங்குப் புழுக்கத்தில் அரைமணியில் காது வெந்துவிடும்.
துணியுறை எடுங்க.
அதுவும் சரி.

பிறகு பெருமையாய்
ஏழு திசைச் சத்தம் சொல்லும் ஒன்றை எடுத்தான்:
பின்னால் பதுங்குபவன், மேல்மாடியில் ஊர்பவன்,
இடப்பக்கம் கதவைத் தள்ளுபவன்,
ஒவ்வொருத்தனையும் தனித்தனியாய்க் காட்டிக்கொடுக்கும்.
நானூற்று எண்பது வெள்ளி.

எனக்கு ஒரு காதுதான், பாதி விலைக்குத் தருவியா?
அவன் சிரிக்கவில்லை.

எட்டு வயதில் பொன்னுக்கு வீங்கி.
பக்கத்து வீட்டுச் சங்கிலியை இரவல் வாங்கிப் போட்டுவிட்டார்கள்.
வீக்கம் வடிந்தது. சங்கிலி வீடு திரும்பியது.
கூடவே இடக்காதும் கிளம்பிப் போனதை
ஒருவரும் பார்க்கவில்லை.
எனக்கே தெரிய மூன்று மாதம் ஆனது.

பூன் கியாட் கடை கன்சோலைத் திறந்து
அமைப்புகளுக்குள் அமைப்புகளாய் இறங்கினான்.
கடைசிப் பக்கத்து அடியில், யாரும் தொடாத இடத்தில்,
இரண்டு பக்கத்துச் சத்தத்தையும் ஒன்றாய்க் கலந்து ஊற்றும்
ஒரு பொத்தான்.
நானூற்று எண்பதை உள்ளே வைத்தான்.
நூற்றுத் தொண்ணூறை என் தலையில் மாட்டினான்.
கமிஷன் குறைந்த முகம் தெரியவில்லை.

ரெலாவில் பதினோராவது மாடி.
பாயான் லெப்பாஸ் ஆலை விட்டு வந்து
குளித்து, உலை வைத்து,
தோட்டைக் கழற்றி கன்ட்ரோலர் பக்கத்தில் வைக்கிறேன்.
மறந்தால் இரண்டாவது ஆட்டத்தில் காதுமடல் சிவந்துவிடும்.

காலடிகள் கேட்கின்றன, தெளிவாய்,
சரளையில், தகரத்தில், தண்ணீரில்.
எங்கிருந்து என்பது மட்டும் இல்லை.
உலகத்து எதிரி எல்லாம் வலப்பக்கமே வருகிறான்.
திரும்புகிறேன்,
சுவர்.
சாகிறேன்.

எங்கள் குழுவில் நான்காவது ஆள் எர்வின்,
சண்டாக்கான்காரன், முகம் பார்த்ததில்லை.
மைக்கை மூட மறந்த ஒருநாள்
காக், உங்க குக்கர் மூணு தடவை கத்திடுச்சு என்றான் மலாயில்.
அன்று பருப்பைக் காப்பாற்றியது
கடலுக்கு அந்தப் பக்கத்துப் பையன்.

நான் எத்தனை முறை ஒரே பக்கம் திரும்பிச் செத்தேன் என்று
எண்ணிக்கொண்டே இருந்திருப்பான் போல.
ஏன் என்று கேட்கவில்லை.
ஒரு வெள்ளிக்கிழமை, சும்மா தொடங்கினான்:
கிரி, காக், கிரி!

தமிழ்ப்பள்ளியில் கிரி என்றால் மலை.
மலாயில் கிரி என்றால் இடம்.
திரும்பினேன்.
இருபத்தாறு வருடமாய் எனக்கு இல்லாத பக்கத்தில்
மலைபோல ஒருத்தன், துப்பாக்கியோடு,
என்னைப் பார்த்துத் திகைத்து நின்றான்.

இன்று எர்வின் சீக்கிரம் போய்விட்டான்.
விடிகாலை படகு வரும், மீன் இறக்கணும்.
நான் கழற்றாமல் உட்கார்ந்திருந்தேன்.
பத்து நிமிடம் சத்தமே இல்லாவிட்டால்
தானாய் அணைந்துவிடும் என்று பெட்டியில் போட்டிருந்தது.

அணைந்தது.

கழற்றினால், ஜன்னலில் மழை.
வலப்பக்கமாய்ப் பெய்கிறது.