பதினோரு அடி

முத்தூர் ரோட்டில் எடைமேடை பார்க்கிறவள் நான்.
கொப்பரை, புண்ணாக்கு, ஜல்லி.
மேல ஏறினால் நம்பர் விழும், நம்பர் விழுந்தால் சீட்டு உண்டு.
இருபது கிலோ குறைந்ததென்று
அரைமணி நேரம் மல்லுக்கட்டுகிறவர்களை
தினமும் பார்க்கிறேன்.

அதனால்தானோ என்னவோ
துளசிமணியக்கா செத்த மறுநாள் கருக்கலில்
தையல்கடையில் டேப் கேட்டு வாங்கிக்கொண்டு
ரோட்டுக்குப் போனேன்.

ஒற்றைச் செருப்பு கிடந்த இடத்தில் ஒரு கல் வைத்தேன்.
டயர் தேய்த்த கறுப்புக் கோடு தொடங்கும் இடத்தில் ஒரு கல்.
டேப் அஞ்சடிதான். இரண்டு முறை வைத்து
மிச்சத்துக்கு முழங்கை வைத்தேன்.
கோடு செருப்புக்கு முன்னால் இருந்திருந்தால்
பார்த்தான், மிதித்தான், வண்டி நிற்கவில்லை எனலாம்.
கோடு இருந்தது செருப்பைத் தாண்டி,
பதினோரு அடிக்கு அப்பால்.

எங்களூரில் தடமென்றால் வழி.
அன்றைக்கு அது வேறு எதுவோ ஆனது.

அக்காவின் டிவிஎஸ் வாய்க்கால் மேட்டில் கிடந்தது.
களத்தில் கொப்பரை புரட்டிவிட்டுத் திரும்பியவள்.
தூக்குப்போசியில் மூடிகூடத் திறக்கவில்லை.
ரோட்டில் சிதறியிருந்தது
ஆறு பரோட்டா, மூன்று சால்னாப் பொட்டலம்.
அக்காவுக்குப் பரோட்டா ஆகாது.

"சைரனும் இல்லீங், மேல வெளக்கும் சுத்தலீங்.
புயலாட்டம் வந்துதுங்"
என்றார் பஞ்சர்கடை திருமலைச்சாமி முதல்நாள்.
மூன்றாம் நாள்
"நான் உள்ளார இருந்தனுங் அம்மிணி.
ஒண்ணும் பாக்கலீங்."
அவரைக் குற்றம் சொல்ல மாட்டேன்.
ரோந்து வண்டி தினமும் அவர் கடையைத் தாண்டித்தான் போகிறது.

முதல் தகவல் அறிக்கையில்
அக்கா கவனக்குறைவாகச் சாலையைக் கடந்தாள்.
வண்டி வந்துகொண்டிருந்தது.
யார் ஓட்டினார், எத்தனை வேகத்தில்
என்ற இடங்களில் வண்டி மட்டும்தான் இருக்கிறது,
தானாகவே முத்தூருக்குக் கிளம்பி வந்ததுபோல.

காங்கயத்தில் பெரிய அதிகாரி உட்காரச் சொன்னார்.
"அவசர அழைப்பும்மா. நாலு உசுரக் காப்பாத்தப் போற வண்டி."
என்ன அழைப்பு, எத்தனை மணிக்கு என்று கேட்டேன்.
மின்விசிறியைக் கொஞ்சம் கூட்டி வைக்கச் சொன்னார்.

தகவல் கேட்டு எழுதிப்போட்டேன்.
அன்றிரவு வண்டி எங்கெங்கே நின்றது, எப்படி ஓடியது?
நாற்பது நாள் கழித்து ஒரு வரி:
கருவி பழுது காரணமாக விவரம் இல்லை.
மச்சான் அந்தத் தாளை மடித்து
ரேஷன் கார்டுக்குள் வைத்துக்கொண்டார்.
இடமாற்றம் ஆகிவிட்டானாம், டிரைவரை.
எவ்வளவு தூரத்துக்கு? தாராபுரத்துக்கு.
அதுவும் இரண்டு மாசம்.

தை மாசத்து ஒரு ராத்திரி
என் மேடையில் வெளிச்சம் விழுந்தது.
புது பம்பர், அதே நம்பர்.
ரோட்டில் திருப்ப இடமில்லாமல்
மேடைமேல் ஏற்றி நிறுத்தியிருந்தான்.
மீசையை எடுத்திருந்தான்.

கண்ணாடிப் பெட்டியில் சிவப்பாக ஓடி நின்றது:
இரண்டாயிரத்து எழுபது.
சனிக்கிழமைகளில் அக்கா விளையாட்டுக்கு
டிவிஎஸ்ஸோடு ஏறி நிற்பாள்.
நூற்றிமுப்பது காட்டும். "எளச்சுட்டன் பாரு" என்பாள்.

பட்டனை அமுக்கினேன்.
தேதி, நேரம், வண்டி எண், எடை.
கீழே புள்ளி புள்ளியாக: ஓட்டுநர் கையொப்பம்.
பேனாவையும் சேர்த்து ஜன்னலுக்குள் நீட்டினேன்.

"எடபோட வல்லம்மா. வண்டி திருப்பத்தான்."
"மேல ஏறுனா சீட்டு உண்டுங்க."

வாங்கவில்லை.
என்னையும் பார்க்கவில்லை. சீட்டைப் பார்த்தான்,
வெகுநேரம் பார்த்தான்.
பின்சீட்டிலிருந்து யாரோ "எடுய்யா" என்றார்கள்.

இண்டிகேட்டர் போட்டான்.
வலப்பக்கம் பார்த்தான், இடப்பக்கம் பார்த்தான்.
ஒரு சைக்கிள்காரர் போகட்டுமென்று நின்றான்.
பிறகு மெதுவாக இறங்கி
ரோட்டோரமாகவே போனான்.

அப்படி ஓட்டத் தெரியும் அவனுக்கு.